பாரைக் காட்டிக்கொடுத்த மடல்

அக்கா,

நேரங்கெட்ட நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். மணி ஒன்றரை ஆகப்போகிறது. பாப்பாவுக்குச் சாயங்காலத்திலிருந்து மூச்சு இழுக்கிறது. மருந்துப் புகை வைத்து, தோளில் போட்டு நடந்து, இப்போதுதான் கண் அசந்தாள். என் வீட்டுக்காரருக்கு இந்த வாரம் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ராத்திரி ஷிஃப்ட். நான் ஒரு வரி எழுதுவதும், எழுந்து போய் அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதுமாக இருக்கிறேன். முன்பின்னாகத்தான் வரும். பொறுத்துக்கொள்.

முன்பெல்லாம் இந்நேரத்துக்கு விளக்கு எரிந்தால் பக்கத்து வீட்டிலிருந்து உன் குரல் வரும். "இன்னாடி, புள்ள தூங்கலயா, இல்ல நீ தூங்கலயா?" நீ போய் எட்டு மாதமாகிறது. இப்போது யாரும் கேட்பதில்லை.

இன்று மத்தியானம் என் மடலை மூடிவிடலாம் என்று கணக்கைத் திறந்தேன். நம் வெள்ளிக்கிழமை மடலைத்தான் சொல்கிறேன். வாராவாரம் நான் எழுதி மின்னஞ்சலில் ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்த அது எட்டு மாதமாகச் செத்துக் கிடக்கிறது. அந்தப் பக்கத்தில் வாசகர் பட்டியல் ஒன்று உண்டு என்று உனக்குக் காட்டியிருக்கிறேன். யார் எந்த மடலைத் திறந்தார்கள், எத்தனை தரம் திறந்தார்கள் என்று ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் போட்டிருக்கும். பட்டியலின் தலையில் உன் முகவரி. முதலில் சேர்ந்தவள் நீதானே.

உன் முகவரிக்குப் பக்கத்தில், நேற்றைய தேதி போட்டு, ஒரே ஒரு மடல் திறக்கப்பட்டிருக்கிறது. 'மன்னிப்பு' என்று தலைப்பு வைத்து அனுப்பினேனே, அது. நீ உயிரோடு இருந்தவரை ஒருமுறைகூடத் திறக்காதது. நேற்று மத்தியானம் நாலு தரம் திறந்திருக்கிறது.

பக்கத்தை மூடிவிட்டுத் திரும்பத் திறந்து பார்த்தேன். பேய் பிசாசு என்று பயந்ததாக நினைக்காதே. உன் போன் உன் வீட்டில்தான் இருக்கிறது, யாரோ எடுத்துச் சார்ஜ் போட்டுப் பார்க்கிறார்கள் என்று அடுத்த நிமிடமே புரிந்துவிட்டது. நான் பயந்தது வேறொன்றுக்கு. என்னைக் காப்பாற்ற நீ ஒரு பொய் சொன்னாய். உன் வீட்டுக்காரர் இன்றுவரை அதை நம்பிக்கொண்டிருக்கிறார். அந்த மன்னிப்பு மடலிலும் நான் அதைத் திருத்தவில்லை. நாலு தரம் தேடியும் உண்மை அதில் கிடைத்திருக்காது.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் நான் வரிசையாகச் சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் அனுப்பம்பட்டில் ஸ்டேஷனுக்கு எதிரே வளர்ந்தவள். அப்பாவுக்கு சைக்கிள் ஸ்டாண்ட். எந்த ரயில் எத்தனை மணிக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். லைட்ஹவுஸ் குப்பத்துக்கு மருமகளாக வந்தபோது காற்றைப் பற்றியும் நீரோட்டத்தைப் பற்றியும் எல்லோரும் பேசுவார்கள், நான் நடுவில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அண்ணனுக்கு நீ, தம்பிக்கு நான். பி.காம். சான்றிதழைப் பெட்டியின் அடியில் போட்டு மூடினேன். பிறகு பாப்பா பிறந்தாள். பயம் பிறந்ததும் அப்போதுதான். தும்மினால் பயம், தும்மாவிட்டால் பயம். நாலாம் மாதம் ஒருநாள் அந்தப் பயத்தை எழுதி, கூடப் படித்த பத்துப் பேருக்கு அனுப்பினேன். அதுதான் முதல் மடல்.

பதினோராவது ஆள், இல்லை, முதல் ஆள் நீ. பட்டியலில் யாருடைய பெயரையும் ஏற்றுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க உன் போனை வாங்கினேன். கடைக்காரர் போட்டுக்கொடுத்த மின்னஞ்சல் ஒன்று அதில் இருப்பதே உனக்குத் தெரியாது. "இன்னாத்துக்குப் பேரு சேக்கற? ரேஷன் கார்டுலயா?" என்றாய்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மடல் போகும். அந்நேரம் நீ கரையில் இருப்பாய். ஏலம் முடிந்து, மிஞ்சியதை மணலில் வலை விரித்துக் காயப்போட்டுவிட்டு, ஐஸ் பெட்டி மூடியில் போனைச் சாய்த்து வைத்து உதடு அசைய அசையப் படிப்பாய். பத்தாவது வரை படித்தவள் நீ, ஆனால் மனசுக்குள் படிக்கப் பழகவே இல்லை. உன் உதட்டைப் பார்த்தே எந்தப் பத்தியில் இருக்கிறாய் என்று என்னால் சொல்ல முடியும். பத்து மணி சுமாருக்குக் கையை உதறிக்கொண்டு வருவாய், தீர்ப்புச் சொல்ல.

ஒரு வாரம் பூநாரைகளைப் பற்றி எழுதினேன். இளஞ்சிவப்பு மேகம் ஏரியில் இறங்கியது என்று என்னவோ எழுதிவைத்திருந்தேன். ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பாராட்டு வந்து குவிந்தது. நீ வந்து இடுப்பில் கைவைத்து நின்றாய்.

"பறவைய எழுதிக்கீற. அது காலத் தூக்கிக்கினு நிக்கிற எடத்துல யாரு எறாலு புடிக்கிறான்னு எழுதல."

"அழகா இல்லையாக்கா?"

"அழகாத்தான் கீது. பஸ்சுல வந்து போட்டோ புடிக்கிறவன் எழுதுனா மாரி கீது."

இன்னொரு வாரம் 'மீன் வாசனை' என்று ஒரு வரி. அதற்கும் விடவில்லை. "எந்த மீனு? காரப்பொடிக்கு ஒரு வாசன, திருக்கைக்கு ஒரு வாசன. சொம்மா மீன் வாசனன்னா அது பஜார் சாக்கடதான்." நான் சிரித்துச் சிரித்துப் புரையேறி, பாப்பா பயந்து அழுதாள். அவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "உங்கம்மா பொய்யா எழுதுறாடி, நீயாச்சும் நெசமா அழு" என்றாய்.

அந்த ஒரு வருடம் நான் சந்தோஷமாக இருந்தேன், அக்கா. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது கள்ளக்கணக்கு. முகம் தெரியாதவர்கள் எனக்குப் பதில் எழுதினார்கள். ஓசூர்க்காரப் பெண் ஒருத்தி, தன் பிள்ளைக்கும் மூச்சு இழுக்கும் என்று எழுதி, தலைமாட்டை உயர்த்திப் படுக்கவைக்கச் சொன்னாள். நீயும் நானும் பழைய புடவையை மடித்துத் தலைமாட்டுக்கு அண்டக் கொடுத்தோம். அன்றைக்குப் பாப்பா ஒரே தூக்கமாகத் தூங்கினாள். அதற்குப் பிறகு நீ அவளைச் சொந்தக்காரி மாதிரி விசாரிப்பாய். "ஓசூர்க்காரி இன்னா சொல்றா? புள்ளைக்குத் தேவலயா?" வெளியே போக முடியாமல் கிடந்த எனக்கு முந்நூற்றுச் சொச்சம் ஜன்னல்கள் திறந்த மாதிரி இருந்தது. எனக்கென்று ஒரு வேலை, எனக்கென்று ஒரு கிழமை.

பிறகு அந்தக் கிழமையே என்னைத் தின்ன ஆரம்பித்தது. செவ்வாய் வந்தாலே அதே கேள்வி. இந்த வாரம் என்ன எழுதுவது? என் கண்ணில் படுவதையெல்லாம் கொத்திப் பொறுக்கினேன். உன் மகள் ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டதை எழுதினேன். நீ வட்டிக்காரிக்குப் பயந்து ஒளிந்ததைப் பெயர் மாற்றி எழுதினேன். நீ படித்துவிட்டு வெற்றிலையைத் துப்பினாய். ஒருநாள் பாப்பாவுக்கு இழுப்பு வந்து மார்பு குழிந்து குழிந்து ஏறுகிறது. என் மனசில் ஒரு பாதி அவளுக்காகப் பதறுகிறது, மறு பாதி அந்தக் குழிக்கு நல்ல வார்த்தை தேடுகிறது. இதை உன்னிடம்கூடச் சொல்லவில்லை. "கடலுக்குப் போறவனாச்சும் காத்தடிச்சா படுத்துக்கினு கெடப்பான். உனுக்கு அதுவும் இல்ல" என்று நீயாகத்தான் ஒருமுறை சொன்னாய். கேலியாகச் சொன்னாயா, இரக்கத்திலா, எனக்கு இன்றும் தெரியாது.

இனி அந்தப் பாரின் கதை.

அன்றைக்குக் கரையில் எல்லாப் படகுகளும் மீனில்லாமல், ஐஸ் கரைந்த தண்ணீரோடு வந்தன. உன் வீட்டுக்காரர் மட்டும் சங்கராவும் களவாவுமாகத் தூண்டில் மீன் கொண்டுவந்து இறக்கினார். நாம் இருவரும் சவுக்கு நிழலில் உட்கார்ந்து தூண்டில் கயிற்றின் சிக்கெடுத்துக்கொண்டிருந்தோம். எப்படி இவருக்கு மட்டும் என்று கேட்டேன். நீ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாய்.

கடலுக்கடியில் ஒரு பார் கிடக்கிறது, பாறைத்திட்டு. மாமனார் வயசுக் காலத்தில் கண்டுபிடித்தது. வலையில் ஒன்றும் விழாத மாதங்களில் இந்த வீட்டுக்கு அடுப்பெரிப்பது அந்தப் பார்தான். கரையில் தெரிகிற இரண்டு பொருள்கள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று மறைய வேண்டும். தெற்கே தெரிகிற வேறிரண்டு ஒன்றையொன்று தொட வேண்டும். அந்த இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற இடத்தில் நங்கூரக் கல்லைப் போட்டால் கீழே பார். கிழவர் சாகிறதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகளையும் தனித்தனியே கூப்பிட்டுக் காதில் சொன்னாராம். என் வீட்டுக்காரர் கடலை விட்டுத் துறைமுக வேலைக்குப் போன பிறகும் அதை என்னிடம் மூச்சு விட்டதில்லை.

"படகுலதான் ஜிபிஎஸ் இருக்கே, அதுல போட்டு வைக்கலாமேக்கா?"

"போட்டா போச்சு. மிசினு ரிப்பேருக்குப் போவும். அங்க எவனாச்சும் காப்பி பண்ணிக்குவான். அதனாலதான் இவரு அத்த தலைக்குள்ளயே வெச்சிக்கினு கீறாரு."

"அப்ப உனக்கு எப்படித் தெரியும்?"

நீ வெட்கப்பட்டாய், அக்கா. முப்பத்தைந்து வயசில் புதுப்பெண் மாதிரி. "கண்ணாலம் ஆன புதுசுல சொன்னாரு. பொண்டாட்டிகிட்ட பெருமயடிக்க அவருகிட்ட வேற இன்னா இருந்துச்சு?"

சொல்லிவிட்டு, செதில் ஒட்டிய விரலால் மணலில் இரண்டு கோடு கிழித்து, எது எதோடு சேரும் என்று காட்டினாய். என்னால் கண்ணெடுக்க முடியவில்லை. பிறகு காலால் மணலைக் கலைத்தாய்.

"இது உன் லெட்டருக்குள்ள போயிடப்போவுது. எழுதாதடி. வெளையாட்டுக்குச் சொல்லல."

"சீ, இதைப் போய் எழுதுவேனாக்கா?"

இதுதான் நடந்தது. நீ எழுதச் சொல்லவில்லை. எழுதாதே என்று சொன்னாய், நான் சரி என்று சொன்னேன்.

அந்த வார வியாழக்கிழமை பாப்பாவைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடித் திரும்பி வந்தபோது எனக்கு உடம்பில் உயிரில்லை. மடலுக்கு ஒரு வரிகூட இல்லை. ஒரு வாரம் விட்டால் என்ன? ஒன்றும் ஆகியிருக்காது. இன்று தெரிகிறது. அன்று, ஒரு வெள்ளி தவறினால் இத்தனை ஜன்னல்களும் படீரென்று சாத்திக்கொள்ளும் என்று தோன்றியது. உட்கார்ந்தேன். நாற்பது நிமிடத்தில் முடித்தேன். சவுக்கு நிழல், உன் வெட்கம், மணலில் இரண்டு கோடு. எது எதோடு சேரும் என்பது உட்பட, எல்லாம். எந்த மீன், எந்த வாசனை என்று கேட்டு நீ பழக்கிய கை. பொதுவாக எழுத அதற்கு மனசு வரவில்லை. என் வாழ்நாளில் அதைவிட நன்றாக ஒன்று நான் எழுதியதில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

இதைப் படித்துவிட்டு யார் படகெடுத்து வரப்போகிறார்கள் என்றும் நினைத்தேன். ஓசூர்க்காரியா? குப்பத்தில் படிக்கிறவள் நீ ஒருத்தி. திட்டுவாய், பிறகு சிரிப்பாய். இதுதான் நான் போட்ட கணக்கு.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நீ வரவில்லை. பதினொன்றுக்கு வந்தாய். உன் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"எடுத்துடு."

"அனுப்பினதை எடுக்க முடியாதுக்கா. எல்லார்கிட்டயும் போயிடுச்சு."

நீ என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாய். "தண்ணில வுட்ட வலையக்கூட இழுத்துக்கலாம். இது இன்னா எழவுடி?"

என் வாசகர்களில் ஒருவர் வடக்கே இருக்கிற குப்பத்துக்காரர், சென்னையில் வேலை. கெட்ட எண்ணம் எதுவும் அவருக்குக் கிடையாது. 'நம்ம பக்கத்துப் பொண்ணு என்னமா எழுதுது பாருங்க' என்று அவர்கள் ஊர் வாட்சப் குழுவில் போட்டார். திங்கட்கிழமை உன் வீட்டுக்காரர் போனபோது பாரின் மேல் ஐந்து படகுகள் நின்றன. தூண்டிலோடு நிறுத்தியிருந்தாலும் பிழைத்திருக்கும். யாரோ ஆசையில் வலையை இறக்கி, அது கல்லில் மாட்டி, அறுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பார் மேல் வலை போர்த்திக்கொண்டது. மாட்டுகிற மீன் அங்கேயே அழுகும், அழுகுகிற இடத்துக்கு வேறு மீன் வராது. இறக்குகிற தூண்டிலெல்லாம் வலையில் சிக்கி அறுந்தது. மாமனார் கண்டெடுத்தது என் நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் உன் வீட்டுக்காரர் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வந்து நின்றார். கையில் போன். யாரோ காட்டியிருந்தார்கள்.

"நைனா சாவறப்போ எங்கிட்டயும் இவங்கிட்டயும் தனித்தனியா சொன்னாரு. கூடப்பொறந்தவனுங்க ஒண்ணா நிக்கறப்போ கூட சொல்லல. இத்த யாரு இவளுக்குச் சொன்னது? எழுதச் சொன்னது யாரு?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். நீ அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டு எழுந்தாய்.

"நான்தான்யா சொன்னேன். எழுதச் சொன்னதும் நான்தான். நம்ம வூட்டுப் பெருமைய நாலு பேரு படிக்கட்டும்னு சொன்னேன். அவ வெளியூர்ப் பொண்ணு, அவளுக்கு இன்னா தெரியும்? கத்தறதா இருந்தா என்னாண்ட கத்து."

முதல் பாதி உண்மை. அடுத்த பாதி நீ எனக்குக் கொடுத்தது. அவர் கத்தவில்லை. அன்றிலிருந்து உன் கையால் சாப்பாடு வாங்கவில்லை. தானே பானையைத் திறந்து போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றார். நீ தட்டை வைத்துக்கொண்டு நிற்பதை என் வாசலிலிருந்து பார்ப்பேன். ஒரு வார்த்தை, 'அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள்' என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். பாப்பாவுக்குச் சரியாகட்டும் என்று இருந்தேன். என் வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் மாறட்டும் என்று இருந்தேன்.

நீயும் என்னோடு பேச்சை விட்டாய். குழாயடியில் ஒருமுறை, குடம் நிரம்புகிற சத்தத்துக்கு நடுவே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "வாராவாரம் கட தொறக்கணும் உனுக்கு. சரக்கு நாங்க."

அதற்குத்தான் நான் 'மன்னிப்பு' எழுதினேன். என் வீட்டுப் படியிலிருந்து உன் வீட்டுப் படிக்கு ஒன்பது எட்டு. பாப்பா நடை பழகும்போது நீதான் எண்ணினாய். அந்த ஒன்பது எட்டை வைக்காமல் முந்நூறு பேருக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பினேன். அழகான வாக்கியங்கள். உன்னை 'எனக்கு நெருக்கமான ஒருத்தி' என்று எழுதினேன். நீ தடுத்ததை எழுதவில்லை, நீ பழியேற்றதையும் எழுதவில்லை. அதற்கு வந்த மாதிரி பதில்கள் வேறெந்த மடலுக்கும் வந்ததில்லை. அழுதேன் என்று பெங்களூரிலிருந்து ஒருத்தி. உங்கள் நேர்மை, உங்கள் துணிச்சல் என்று இன்னொருவர். நான் வாசற்படியில் உட்கார்ந்து அவற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது நீ எதிரே குனிந்து நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்தாய்.

நீ திறக்கவில்லை. சனி, ஞாயிறு, திங்கள் பார்த்தேன். உன் பெயருக்குப் பக்கத்தில் வெறும் கோடு. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? 'திறக்காதவர்களுக்கு மீண்டும் அனுப்பு' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினேன்.

பிறகு மழை வந்தது. உனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல்தானே என்று எல்லோரும் இருந்தோம். ஆட்டோவில் உன்னை ஏற்றும்போது நான் வாசலுக்கு வந்தேன். நீ தலையைத் தூக்கி, "புள்ளைக்கு ஈரக்காத்து ஆவாது, உள்ள இட்டுக்கினு போ" என்றாய். அதுதான் கடைசி. பதினோராம் நாள் சென்னையிலிருந்து வண்டியில் கொண்டுவந்து வாசலில் கிடத்தினார்கள்.

அது வெள்ளிக்கிழமை. இந்த ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை. உனக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே நான் ஒரு மடல் எழுதி, நாள் குறித்துப் போட்டுவைத்திருந்தேன். நண்டு ரசத்தைப் பற்றி, நகைச்சுவையாக. மறந்தே போனேன். காலை ஆறு மணிக்கு, உன் தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கையில், அது தானாகவே கிளம்பிப் போயிருக்கிறது. உன் முகவரிக்கும்தான். மேளச் சத்தத்துக்கு நடுவே என் இடுப்பில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பிறகு எடுத்துப் பார்த்தால் சிரிக்கிற பொம்மைகள். 'படிக்கும்போதே நாக்கு ஊறுகிறது' என்று யாரோ.

அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. எங்கே காணோம் என்று கொஞ்ச நாள் விசாரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஜன்னல்கள் சாத்திக்கொண்டதில் வீட்டுக்குள் ஒன்றும் குறையவில்லை. அதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஓசூர்க்காரி மட்டும் போன மாதம்கூட 'குழந்தை எப்படி இருக்கிறாள்' என்று ஒரு வரி போட்டிருந்தாள். உன் சேதியை அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் நன்றாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம்.

காரியம் முடிந்த மறுநாள் உன் வீட்டு வாசல் வரை போனேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன், சத்தியமாக. உன் வீட்டுக்காரர் உன் படத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்: "இன்னாத்த பாக்க வந்த? எழுதறதுக்கா?" வந்த வழியே திரும்பிவிட்டேன். உன் மகளும் அதற்குப் பிறகு பாப்பாவைத் தூக்க வருவதில்லை. பாப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது. தினமும் அந்த ஒன்பது எட்டு வைத்துப் போய், சாத்தின கதவைத் தட்டி, "பெரிம்மா" என்று கூப்பிட்டுவிட்டு வருகிறாள்.

அந்த இரண்டு கோடும் இன்னும் என் தலைக்குள் இருக்கின்றன. பஜாருக்குப் போகும்போது பாலத்தின் மேல் ஆட்டோ ஏறியதும் கண் தானாகத் தேடும். எது எதோடு சேர வேண்டுமோ அவை சேராமல் தள்ளித் தள்ளி நிற்கும். நான் பாப்பாவின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இந்த மடலில்கூட அது எந்த இரண்டு, எந்த வேறிரண்டு என்று எழுதவில்லை, கவனித்தாயா? கற்றுக்கொண்டேன், அக்கா. எதற்கும் பிரயோசனமில்லாத நேரத்தில்.

இந்த மடல் பட்டியலுக்குப் போகாது. அனுப்பும் இடத்தில் எல்லாப் பெயரிலிருந்தும் குறியை எடுத்துவிட்டேன். உன் முகவரி ஒன்று மட்டும் மிச்சம். நீ படிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆகையால் இனி எழுதுவது, உன் போனைக் கையில் வைத்திருக்கிறவருக்கு.

மாமா, நேற்று அந்த மடலைத் திறந்தது நீங்கள் என்றால், அதில் நீங்கள் தேடியது இல்லை. இதில் இருக்கிறது. அக்கா என்னிடம் சொன்னது உண்மை. எழுதச் சொன்னது பொய். எழுதாதே என்று சொன்னாள். நான் மீறி எழுதினேன். அவள் தட்டோடு நின்றதெல்லாம் என் தப்புக்காக. நீங்கள் அவளிடம் கேட்க இனி வழியில்லை, அதனால் என்னிடம் கேளுங்கள். திறந்தது நீயென்றால், கண்ணு, இதை உங்கப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. உங்கம்மா படிக்கிற மாதிரி, ஒரு வார்த்தை விடாமல்.

பாப்பா இருமுகிறாள், எழுந்திருக்க வேண்டும். விடிந்ததும் நான் நேரில் வந்து சொல்லத் தயார். யார் முன்னால் நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன். கதவைத் திறப்பீர்களா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். வா, வராதே, எதுவானாலும் ஒரு வார்த்தை போதும்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.